உனக்குத் தனி உலையா?

எங்கள் கரிசல்காட்டில் முன்பு ‘சோறு’ என்று மட்டும் சொன்னால் போதாது. என்ன சோறு என்ற கேள்வி அடுத்து வரும். கம்மஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச்சோறு, வரகுச்சோறு என்று முன்னால் ஒரு பெயரை ஒட்டிக்கொண்டுதான் சோறு என்ற சொல் வாயிலிருந்து வரும். அரிசியில் ஆக்கியதற்கும் தனிப் பெயர் உண்டு: நெல்லுச்சோறு. தீபாவளிக்கு, பொங்கலுக்கு, வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால், காய்ச்சலில் கிடந்து எழுந்தால் நெல்லுச்சோறு. இன்று கோவில்பட்டியில் எந்த வீட்டிலும் சோறு என்றால் அரிசிச்சோறுதான். அதற்கு அடைமொழி வேண்டியதில்லை. அடைமொழிகள் எல்லாம் கடைப் பைகளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டன: சிறுதானியம், பாரம்பரியம், ஆர்கானிக், லோ ஜி.ஐ.

ஒரு சொல் தன் அடைமொழியை உதிர்ப்பதைச் சொற்பொருள் மாற்றம் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறேன். இந்த மாற்றத்துக்குள் மூன்று தலைமுறைப் பெண்களின் உடம்பு இருக்கிறது. பாடத்திட்டத்தில் அது இல்லை.

வடகிழக்குப் பருவமழையை நம்பிய மண் இது. புரட்டாசியில் விதைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையைக் கரிசல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்திலும் பனியிலும் பயிர் விளைந்து தை, மாசியில் அறுப்பு. கண்மாய் பெருகும் ஊர்களில் கொஞ்சம் நெல் உண்டு. மற்றபடி கம்பும் சோளமும் குதிரைவாலியும், ஊடே பயறும் உளுந்தும்தான். புறநானூற்றின் 335ஆம் பாட்டு, மாங்குடி கிழார் பாடியது, வரகு, தினை, கொள்ளு, அவரை என்ற நான்கைத் தவிர வேறு உணவு இல்லை என்று சொல்கிறது. அந்தப் பாட்டில் வரும் குடிகளைப் பற்றித்தான் தேர்வில் கேள்வி கேட்பார்கள். நான் உணவுப் பட்டியலையும் நிறுத்திக் காட்டுவேன். இரண்டு தானியம், இரண்டு பயறு. கொள்ளை எங்கள் பக்கம் காணம் என்போம். காணத்துவையல் இல்லாமல் கம்மஞ்சோறு இறங்காது என்பாள் ஆச்சி.

ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவைப் பெற்றவள். ‘பாட்டி காலத்து உணவு’ என்று இன்று ஆசையாக எழுதுகிறார்கள். அந்தப் பாட்டியின் தோள்பட்டையைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. கம்பைத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, உரலில் போட்டு உலக்கையால் குத்த வேண்டும். தவிடு கழன்றதும் சொளகில் அள்ளிப் புடைக்க வேண்டும். திரும்பக் குத்த வேண்டும். மாவைத் தனியாக, குருணையைத் தனியாகப் பிரித்து, குருணையை முதலில் உலையில் போட்டு, பிறகு மாவைக் கரைத்து ஊற்றித் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். குதிரைவாலி இன்னும் கெட்டி. அதன் தோலி லேசில் விடாது. காட்டில் களையெடுத்துவிட்டு வந்த கையால்தான் இத்தனையும். ஆச்சியின் உள்ளங்கையில் இருந்த காய்ப்பு அவள் இறக்கும்வரை கரையவில்லை. “நெல்லுச்சோறு ராசாத்தி மாதிரி. அரிசியக் களைஞ்சு போட்டா அதுபாட்டுக்கு வெந்துக்கிடும்” என்று அவள் சொன்னதில் ருசியைவிட ஓய்வின் மேல் இருந்த ஆசைதான் அதிகம் கேட்கும்.

அரிசி எங்கள் ஊருக்குள் வந்த கதையும் இரங்கத்தக்க கதை இல்லை. காமராஜரின் மதிய உணவுத் திட்டம் 1956இல் எங்களுக்குப் பக்கத்து எட்டயபுரத்தில்தான் தொடங்கியது. 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்பது ஆட்சியை மாற்றிய வாக்குறுதிகளில் ஒன்று. 2008இல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லா அரிசி. வானம் பார்த்த பூமியில் பஞ்சம் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வெள்ளாமை பொய்த்த ஆண்டிலும் அடுப்பு எரிந்தது. உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். கட்டை அடுக்கி, பெட்டி ஒட்டி, சொந்தமாகக் கையில் காசு பார்த்தாள். காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிற பெண்ணால் கம்பு குத்த முடியாது. அரிசிச்சோறு இல்லாமல் அந்த வேலையும் இல்லை, அந்த வேலை இல்லாமல் என் படிப்பும் இல்லை.

அதே அரிசிதான் இன்று குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். கரிசல் கிராமங்களிலும் இப்போது தெருவுக்குத் தெரு ‘சுகர்’ இருக்கிறது. அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் வந்துவிட்டது.

கோவில்பட்டிக்காரர்களுக்கு ஜி.ஐ. என்றால் 2020இல் எங்கள் கடலைமிட்டாய்க்குக் கிடைத்த புவிசார் குறியீடுதான் முதலில் நினைவுக்கு வரும். அரிசிப் பையில் இருக்கும் ஜி.ஐ. வேறு. அது கிளைசெமிக் குறியீடு. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் 1981இல் கொண்டுவந்த அளவு. 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவுக்கு ஓர் உணவைச் சாப்பிடக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து அதோடு ஒப்பிடுவார்கள். 55க்குள் இருந்தால் குறைவு, 70ம் அதற்கு மேலும் அதிகம். சென்னையில் பொன்னி, சோனா மசூரி அரிசிகளைச் சோதித்தபோது இரண்டும் 70ஐத் தாண்டின.

எல்லா அரிசியும் ஒன்று என்று இதற்குப் பொருள் இல்லை. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து, மெலிசா ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பெண் விஞ்ஞானியின் தலைமையில், 235 நெல் ரகங்களை ஆராய்ந்து 2011இல் முடிவைச் சொன்னார்கள். குறியீடு 48இலிருந்து 92 வரை விரிந்திருந்தது, சராசரி 64. குறைந்த குறியீடு கொண்டவற்றில் ஸ்வர்ணாவும் ஒன்று. இந்தியாவில் ஏக்கர் கணக்கில்லாமல் விளையும், எந்தப் பாரம்பரியப் பெருமையும் இல்லாத சாதாரண ரகம். வேறுபாடு மாவுச்சத்தின் அமைப்பில் இருக்கிறது. அமைலோஸ் என்ற வகை மாவுச்சத்து கூடுதலாக இருந்தால் சோறு உதிரியாக இருக்கும், செரிக்க நேரமாகும், சர்க்கரை மெதுவாக ஏறும். குழைந்து ஒட்டுகிற அரிசியில் அது குறைவு. புழுங்கல் அரிசி பச்சரிசியைவிடப் பொதுவாக நல்லது. அவிக்கும்போது மேல்தோலில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பங்கு உள்ளே இறங்கிவிடுகிறது. தீட்டாத அரிசியில் நார்ச்சத்தும் மெக்னீசியமும் மிஞ்சும்.

‘ஆர்கானிக்’ என்பது இதிலிருந்து வேறான செய்தி. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைந்தது என்பதை மட்டும் அந்தச் சொல் சொல்கிறது. மாவுச்சத்து எப்படிச் செரிக்கும் என்பதைச் சொல்லவில்லை. இயற்கை முறையில் விளைந்த நெல்லையும் வெள்ளை வெளேரென்று தீட்டினால் அது சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஆனால் அந்தச் சொல்லுக்கு வேறொரு ஆரோக்கியம் உண்டு. அது முதலில் சேர வேண்டியது சாப்பிடுபவருக்கு அல்ல. எங்கள் பருத்திக் காடுகளில் ஆண்கள் மருந்தடித்தபோது, குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து மருந்து கலக்கக் கொடுத்தவர்கள் பெண்கள். மருந்து நனைந்த சட்டையைத் துவைத்தவர்களும், மறுவாரமே அதே காட்டில் களையெடுத்தவர்களும் அவர்கள்தான். எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடைசெய்யும்வரை அது சாதாரணக் கடைச்சரக்கு. நஞ்சில்லாத வேளாண்மையின் முதல் பலன் அந்தப் பெண்ணின் தோலுக்கும் மூச்சுக்கும் கருப்பைக்கும். கடைப் பையில் அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. சான்றிதழ் வாங்கவும் நிலத்துக்குத் தாள் வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பெயரில் நடக்கும் சாகுபடி நிலக் கணக்குகள் சுமார் 14 விழுக்காடுதான். மழையை மட்டும் நம்பி, உரம் வாங்கக் காசில்லாமல் குதிரைவாலி விளைவித்தவள் காலமெல்லாம் ஆர்கானிக் விவசாயியாகத்தான் இருந்தாள். அவளிடம் சான்றிதழ் இல்லை.

இனி விலை. கறுப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் நல்ல அரிசிகள். ‘நெல்’ ஜெயராமன் போன்றவர்கள் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, கைவிட்டுப்போன ரகங்களை மீட்டுக் கொடுத்தார்கள். நன்றியோடு நினைக்க வேண்டிய வேலை. ஆனால் கடையில் அந்த அரிசியின் ஒரு கிலோ விலை, தீப்பெட்டி ஆபீஸில் பாதி நாள் கூலியைக் கேட்கிறது. ரேஷன் அரிசி சும்மா கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கிறவளிடம் ‘நல்ல உணவைத் தேர்ந்தெடுங்கள்’ என்று அறிவுரை சொல்வது எளிது.

விலைகொடுத்து வாங்கினாலும் ஒரு கணக்கு இருக்கிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. குறியீடு 70 உள்ள அரிசி என்றால் 78ஐ 70ஆல் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 55. இதைக் கிளைசெமிக் சுமை என்கிறார்கள். குறியீடு 50 உள்ள உயர்ந்த அரிசியை, நல்லதுதானே என்று 150 கிராம் ஆக்கிச் சாப்பிட்டால் சுமை 58. மிச்சப்படுத்தியது அத்தனையும் போய்விட்டது. எந்த அரிசி என்பதோடு எவ்வளவு சோறு, அதோடு என்ன வெஞ்சனம் என்பதும் சேர்ந்துதான் பதில். சென்னையில் உடல் எடை கூடியவர்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளை அரிசிக்குப் பதில் தீட்டாத அரிசி சாப்பிட்டபோது சர்க்கரை ஏற்றம் சுமார் 20 விழுக்காடு குறைந்தது. பயறும் சேர்ந்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது. இரண்டு தானியத்துக்கு இரண்டு பயறு என்ற பழைய பட்டியல் நினைவுக்கு வருகிறது.

வெஞ்சனம் என்றதும் அம்மாவின் தூக்குவாளி கண்ணில் நிற்கிறது. நிறையச் சோறு, கொஞ்சம் குழம்பு, ஓரத்தில் ஊறுகாய். காய் வைத்தால் அது எங்களுக்கும் அப்பாவுக்கும். முட்டை வாங்கினால் அது தம்பிக்கு. பயறு அவித்தால் அரித்து எடுத்ததெல்லாம் மற்றவர் தட்டுக்குப் போய்விடும், அவளுக்கு அந்தத் தண்ணீர் ரசமாகும். வயிற்றை அடைக்க அவளிடம் இருந்தது சோறு மட்டும். ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையில் மிஞ்சியதையும் ‘வீணாப் போயிருமே’ என்று அவள்தான் சாப்பிடுவாள். சர்க்கரை வந்தபோது ‘சோத்த அள்ளி அள்ளித் தின்னா வராதா’ என்று பேசினார்கள். வேறு எதை அள்ளித் தின்ன விட்டோம் அவளை? தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. ஒரே உடம்பில் ரத்தம் குறைவாகவும் சர்க்கரை அதிகமாகவும் இருப்பது எப்படி என்று என் மாணவிகள் கேட்பார்கள். தட்டைப் பாருங்கள் என்பேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் ஒரு மாணவி. திருமணமாகி ஆறாம் மாதம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாட்டிலேயே இதை முதலில் செய்த மாநிலம் நம்முடையது, மருத்துவர் வீ. சேஷய்யா இதற்காக விடாமல் உழைத்தவர். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. பிரசவத்தோடு அது பெரும்பாலும் போய்விடும். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. குழந்தைக்கும் அந்த ஆபத்தின் நிழல் உண்டு. இவளுக்கு 140ஐத் தாண்டியிருந்தது.

“அரிசியக் குறைச்சுட்டுக் குதிரைவாலி, பயறு, காய் சேத்துக்கிடச் சொன்னாங்க மேடம். வீட்டுல சொன்னேன். ஆறு பேருக்கு ஒரு உலை வைக்கோம், உனக்குத் தனி உலையான்னு அத்தை கேட்டாங்க.”

“மாமாவுக்குச் சுகர் உண்டுன்னு சொன்னியே. அவருக்கு?”

“அவருக்கு ராத்திரி கோதுமை தோசை மேடம். தனியாத்தான் சுடுவோம். நான்தான் சுடுறேன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவளே சொன்னாள்: “அத்தையும் சுகர் மாத்திரை போடுறாங்க மேடம். அவங்களும் மிஞ்சுன சோத்தத்தான் திங்காங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் இது மாமியார் கொடுமைக் கதையாக முடிந்திருக்கும். தனக்கென்று ஒருநாளும் தனி உலை கேட்டிராத பெண் அந்த அத்தை. கேட்கலாம் என்பதே அவருக்குத் தோன்றியிருக்காது. ஆணுக்கு நோய் வந்தால் வீட்டின் சமையல் மாறுகிறது. பெண்ணுக்கு நோய் வந்தால் அவள் தன் வாயைக் கட்ட வேண்டும். குறைந்த குறியீட்டு அரிசியின் பலன் அத்தனையும் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. எந்தத் தானியமும் தானாக நடந்துபோய் ஒருத்தியின் தட்டில் உட்காராது.

நானும் அவளும் உட்கார்ந்து, தனி உலை இல்லாமல் என்ன முடியும் என்று பார்த்தோம். குழம்பில் ஒருநாள் காணம், ஒருநாள் தட்டைப்பயறு. அது ஆறு பேருக்கும் பொது. சோறு போடுகிற கரண்டிக்கு எண்ணிக்கை. காயை முதலில் பரிமாறி, தனக்கும் அப்போதே எடுத்து வைத்துக்கொள்வது. எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. கடைசி இரண்டும்தான் கடினம் என்றாள். அத்தையையும் உடன் உட்காரச் சொல் என்றேன். அவளுக்குப் பிறகு மருத்துவர் இன்சுலினும் எழுதினார். உணவு மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரிடம் பேசாமல் சாப்பாட்டைத் தலைகீழாக மாற்றக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெண்குழந்தை பிறந்தது. இருவரும் நலம்.

ஒரு வீட்டுக்குள் இவ்வளவுதான் முடியும். மிச்சம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. சிறுதானியம் மறைந்ததற்குப் பெண்களின் உழைப்புச் சுமை ஒரு பெரிய காரணம் என்பதைக் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கண்டது. சாமையையும் தினையையும் உமி நீக்கித் தர கிராமத்துக்குள்ளேயே சிறு இயந்திரங்களை வைத்து, அவற்றைச் சுய உதவிக் குழுக்களின் கையில் கொடுத்தார்கள். உலக்கை இயந்திரமானால்தான் தானியம் திரும்ப அடுக்களைக்கு வரும் என்பதற்கு அது சான்று. ஷீலு பிரான்சிஸ் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு விமென்ஸ் கலெக்டிவ், நிலமில்லாத பெண்கள் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சிறுதானியம் விளைவித்து, முதலில் தங்கள் வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் முறையை வளர்த்தது. 2013இல் உணவு இறையாண்மைப் பரிசில் அவர்களைச் சிறப்பித்தார்கள். 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு தொடங்கியது. கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிப் பயிர்களுக்கென்றே உள்ள பழைய நிலையம். விதை இருக்கிறது, மண் இருக்கிறது. ஆனால் இன்று விளாத்திகுளம், புதூர்ப் பக்கம் பார்க்குமிடமெல்லாம் மக்காச்சோளம். கோழித்தீவனத்துக்குப் போகிறது. கம்பும் குதிரைவாலியும் ரேஷன் கடைக்காகக் கொள்முதல் ஆனால் கரிசல்காரர்கள் விதைக்க மாட்டோம் என்றா சொல்வார்கள்?

அப்படி வரும்போது அதையும் வெள்ளையாகத் தீட்டி, மாவாக அரைத்து, பிஸ்கட்டாக்கிக் கொடுத்தால் பயனில்லை. எந்தத் தானியத்தையும் நைசாக அரைக்க அரைக்கச் சர்க்கரை வேகமாக ஏறும். தவிட்டோடு, முழுமணியாக, பக்கத்திலேயே உமி நீக்கிக் கிடைக்க வேண்டும். அதோடு மாதம் இரண்டு கிலோ பயறும் வேண்டும். எங்கள் கேள்வி இவ்வளவு குறிப்பானதாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ‘பாரம்பரியத்துக்குத் திரும்புங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால், திரும்பிப் போக வேண்டியவள் எப்போதும் உரலடிக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

இந்தப் பருவம் தொடங்கியபோது மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு வாரம், உங்கள் வீட்டில் யார் எப்போது சாப்பிட்டார்கள், அவர்கள் தட்டில் என்னென்ன இருந்தன, பானையில் மிஞ்சியது யாருக்குப் போனது என்று எழுதி வாருங்கள். ‘மேடம், இது தமிழ்ப் பாடமா?’ என்று ஒருத்தி கேட்டாள். உணவும் கருப்பொருளில் ஒன்று என்று தொல்காப்பியம் சொல்கிறது, எழுது என்றேன். எழுதிக்கொண்டு வந்த தாள்களில் பலவற்றில் அம்மா என்ற வரிக்கு எதிரே சாப்பிட்ட நேரம் காலியாக இருந்தது. கேட்டதற்கு, ‘பாக்கல மேடம்’ என்றார்கள். அடுத்த வாரமும் அதே வேலையைக் கொடுத்திருக்கிறேன், அந்த ஒரு வரியை மட்டும் நிரப்பச் சொல்லி.